கேட்டு போட்டிருக்கு

வாம்மா, உள்ள வா. செருப்பை அங்கயே விடு, பரவாயில்ல. நேத்து போன்ல பேசினது நீதானே? குரலைக் கேட்டு யாரோ பெரிய பொம்பளைன்னு நெனச்சேன். பாத்தா காலேஜ் பொண்ணு மாதிரி இருக்கே. உக்காரு, ஃபேன் போடுறேன்.

போர்ஷனை அப்புறம் பாக்கலாம். சாவி எங்க போயிடப் போவுது, என் இடுப்புலதான் இருக்கு. இந்த வீட்டுல எல்லாச் சாவியும் என் இடுப்புலதான். முதல்ல தண்ணி குடி.

வரும்போது வாசல் கேட்டுக்கிட்ட நாற்காலி போட்டு ஒருத்தர் உக்காந்திருந்தாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். உன்கிட்ட ஏதாவது கேட்டாரா? "வண்டி போயிடுச்சா"ன்னா? ஆமா, அப்படித்தான் கேப்பார். காது கொஞ்சம் மந்தம், அதனால பேச்சும் கொஞ்சம் முன்னப்பின்ன வரும். நீ கண்டுக்காத. ஈபில அசெஸ்ஸரா இருந்து ரிட்டயர் ஆனவர். பொன்மலைலேருந்து இந்தப் பக்கம் திருவெறும்பூர் வரைக்கும், எந்த வீட்டுல எந்தச் சந்துக்குள்ள மீட்டர் இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வார். எந்த வீட்டு நாய் கடிக்கும்னும் சொல்வார்.

சரி, விஷயத்துக்கு வரேன். தண்ணிக்குக் கஷ்டமில்ல. கறி மீன் சமைச்சுக்கோ, நாங்களும் சாப்பிடுறவங்கதான். ஆணி அடிக்கணுமா, அடிச்சுக்கோ. சொந்தக்காரங்க வந்தா தங்கட்டும், நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க மாட்டேன். எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான். வீட்டுல வயசானவங்க யாரும் இருக்கக் கூடாது.

ஏன் தலையைக் குனியுற? யாரு இருக்கா? மாமியாரா?

நடமாட்டமா இருக்காங்களா? பேரு கேட்டா பேரைச் சொல்றாங்களா? பேருன்னா உன் பேரை இல்லம்மா, அவங்க பேரை. வாசல்ல விட்டா வீட்டுக்குத் திரும்பி வந்துடுவாங்களா? ... சரி, சொல்ல வேண்டாம். நீ சொல்லாம இருக்கறதுலயே தெரியுது. நான் சொல்றதைக் கேளு. கேட்டா நீயே, இந்த அம்மா சொல்றது நியாயம்தான்னு சொல்லுவே. இந்தத் தெருவுல ஒருத்தர்கூட அப்படிச் சொல்றதில்ல. என்னை ராட்சசி ரேஞ்சுக்குப் பேசிக்கிட்டுத் திரியுறாங்க. நீயும் கடையில கேட்டிருப்பே. கேட்டியா? கேட்டிருப்பே. அதனாலதான் என் வாயால சொல்லிடுறேன்.

இந்த முன் போர்ஷன்ல உனக்கு முன்னாடி இருந்தவங்க குணசேகரன்னு ஒரு பையன், அவன் பொண்டாட்டி மலர்விழி. நல்ல பசங்க. அவன் டூவீலர் ஷோரூம்ல வேலை, இவ வீட்டுலயே தையல். கூட அவன் அப்பா. அம்மாசின்னு பேரு. "வயசாயிடுச்சும்மா, கொஞ்சம் மறதி, மத்தபடி தொந்தரவே கிடையாது"ன்னு சொல்லித்தான் குடி வந்தாங்க. நானும் சரின்னுட்டேன். அப்பவே ஒரு வார்த்தை சொல்லி வச்சேன், இல்லேங்கல: "நடமாடுற வரைக்கும் இருக்கட்டும்பா. படுக்கையில விழுந்துட்டா வேற இடம் பாத்துக்கணும். இந்த வீட்டுல ஒரு கெட்டது நடக்கக் கூடாது." குணசேகரன் சரி சரின்னு தலையாட்டினான். வீடு கிடைச்சாப் போதும்னு இருந்தான் போல.

அம்மாசி ரயில்வேல கேட் கீப்பரா இருந்தவர். பூதலூர் பக்கம் எங்கயோ, வயக்காட்டு நடுவுல ஒரு கேட்டு. வாழ்நாள் பூரா அதைப் போட்டுப் போட்டுத் திறந்தவர். நம்ம வீடு லைனுக்குப் பக்கத்துல இருக்கா? அது போதாதா. குடி வந்த மறுநாளே ஆரம்பிச்சிட்டார்.

காய் வாங்கிட்டு வரேன். நல்ல வெயில். கையில ரெண்டு பை. நம்ம வீட்டுக் காம்பவுண்டு கேட்டைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, நடுவுல ஒரு செகப்புத் துணியைக் கட்டிட்டு உள்ள நிக்கிறார் மனுஷன். காக்கிச் சட்டை. கக்கத்துல பச்சைக் கொடி.

"பெரியவரே, கேட்டைத் திறங்க."

"பின்னாடி போ தாயி. வண்டி வருது."

"வண்டி அங்க லைன்ல வருது. இது என் வீடு."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. போன வாரம் ஒருத்தன் சைக்கிளோட பூந்துட்டான். பின்னாடி போ தாயி."

நின்னேன். என் வீட்டு வாசல்ல, என் கேட்டுக்கு வெளிய, கீரை வாடி வதங்க நின்னேன். பால்காரன் வந்து எனக்குப் பின்னாடி நிக்கிறான். "என்னம்மா, சிக்னல் விழலயா?"ங்குறான் நக்கலா. அப்புறம் வண்டி தடதடன்னு போச்சு. அந்தாளு விறைப்பா நின்னு பச்சைக் கொடியைக் காட்டினார். கடைசிப் பெட்டி போற வரைக்கும் காட்டினார். கொடியைச் சுருட்டினார். அதுக்கப்புறம்தான் கேட்டைத் திறந்து, "போ தாயி, பாத்துப் போ"ன்னார்.

இது ஒரு நாள் இல்ல. ஒவ்வொரு வண்டிக்கும். பாசஞ்சர், எக்ஸ்பிரஸ், கூட்ஸு எதையும் விடமாட்டார். சிலிண்டர்காரன் நிப்பான், கூரியர்காரன் நிப்பான். தெருப் பிள்ளைங்க நம்ம வீட்டுக்குக் 'கேட்டு வீடு'ன்னே பேர் வச்சிடுச்சுங்க. மலர்விழி ஓடி வந்து ஓடி வந்து, "மன்னிச்சுக்குங்கக்கா, மன்னிச்சுக்குங்கக்கா"ம்பா. நான் ஒண்ணும் சொல்லல. பொறுத்துக்கிட்டேன்.

என் வருத்தம் அதுல இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் அந்தாளோட சேந்தார் பாரு, அதுலதான்.

முதல்ல சிரிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தார். அப்புறம் நாற்காலியைத் தூக்கிட்டுப் போய்ப் பக்கத்துல போட்டுக்கிட்டார். காலையில காபி குடிச்சதும் அங்க போயிட வேண்டியது.

"என்ன அம்மாசி, இது என்ன வண்டி?"

"கூட்ஸுங்க சார். நெல்லு."

"எப்படிச் சொல்றே?"

"கனமா அழுந்திப் போவுதுல்ல. காலியா இருந்தா குதிச்சிக்கிட்டுப் போவும் சார்."

இதே பேச்சு. தினமும் இதே பேச்சு, ஒரு வார்த்தை மாறாது. தினமும் ரெண்டு பேரும் அதைப் புதுசா கேக்குற மாதிரி கேட்டுச் சிரிப்பாங்க. என்கிட்ட கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுஷன் அவ்வளவு பேசினதில்ல. சாப்பிட வாங்கன்னா, "இரு திலகா, ஒரு வண்டி பாக்கி இருக்கு"ம்பார். அம்மாசிக்குக் கையில பலம் கொறஞ்சதும் இவர்தான் கேட்டைத் தள்ளிச் சாத்துவார். அவர் பச்சையைக் காட்டி முடிச்சு, "திறங்க சார்"ம்பார். இவர் திறப்பார். ஒரு பெரிய ஆபீசர், கேட் கீப்பருக்கு எடுபிடி!

அங்கதாம்மா தொத்திக்கிச்சு.

சிரிக்காத. டாக்டருங்க தொத்தாதுன்னுதான் சொல்வாங்க. நான் கண்ணால பாத்தவ. அந்தாளோட உக்காந்து உக்காந்து இவரும் மறக்க ஆரம்பிச்சார். சட்டை பட்டன் போடத் தெரியாது. சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டெடுத்து வைப்பார். அதுக்கு முன்னாடியா? அதுக்கு முன்னாடி ஒண்ணுமே கிடையாது. ஒரு தடவை ரேஷன் கடைக்குப் போனவர் சாயங்காலம் வரைக்கும் வரல. தேடிப் போனா, யாரோ ஒரு வீட்டு மீட்டர் பெட்டி முன்னாடி நின்னுக்கிட்டு இருக்கார், அந்த வீட்டுக்காரங்க திருடன்னு பிடிச்சு வச்சிருக்காங்க. அது வேற. வேலைப் பழக்கம் அது. மக கல்யாணத்துல, அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி, சம்பந்தியைப் பாத்து "நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க"ன்னார். அதுவும் வேற. கல்யாணக் களைப்பு. மனுஷனுக்குக் களைப்பு இருக்காதா? அம்மாசி வந்ததுக்கு அப்புறம்தான் இந்த வியாதி. நான் எழுதிக் குடுப்பேன்.

ஐப்பசி மழையில அந்தாளு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார். இடுப்பு. அதோட படுக்கை. சோறு இறங்கல. வண்டி சத்தம் கேக்கும்போது மட்டும் கை மேல எழும்பும், கொடி பிடிச்ச மாதிரி. மலர்விழி பக்கத்துல உக்காந்து தைப்பா. மெஷினை நிறுத்திட்டு, "போயிடுச்சு மாமா, திறந்துட்டாங்க மாமா"ம்பா. கை இறங்கும்.

நான் போய்ச் சொன்னேன். நான்தான் சொல்லணும், வேற யாரு சொல்வா?

"மலரு, பேசினது ஞாபகம் இருக்கா?"

"அக்கா, டாக்டரு எப்ப வேணா ஆகலாங்குறாருக்கா. இந்த நெலமையில எங்கக்கா தூக்கிட்டுப் போறது?"

"அதனாலதாண்டி சொல்றேன். எப்ப வேணா ஆகலாம்ங்குறதாலதான்."

அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. நான் என்ன கொலையா பண்ணச் சொன்னேன்? நான் போய் ஜோசியரைப் பாத்துட்டு வந்தேன். சில நட்சத்திரத்துல உசுரு போனா அடைப்புன்னு சொல்வாங்களே, தெரியும்ல? உசுரு போன இடத்தை மாசக்கணக்குல பூட்டிப் போடணும். விளக்கேத்தக் கூடாது, யாரும் புழங்கக் கூடாது. அந்த வாரம் பூரா அந்த மாதிரி நட்சத்திரமா வரிசை கட்டி நிக்குதுன்னுட்டார். ஆறு மாசம் போர்ஷனை அடைச்சுப் போட்டா யாரு குடி வருவா சொல்லு? அதுக்கப்புறம்தான் யாரு வருவா? சாவு விழுந்த வீடுன்னு பேராயிடாது?

இப்ப எட்டு மாசமா பூட்டித்தான் கிடக்கு. அது வேற.

குணசேகரன் எங்கெங்கயோ அலைஞ்சான். நாலு வீடு கேட்டான். படுக்கையில ஒருத்தர்னு சொன்னதும் எல்லாரும் கதவைச் சாத்துறாங்க. ஆஸ்பத்திரியில, இனிமே எங்ககிட்ட ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாங்க. கடைசியில அவன் தங்கச்சி வீட்டுல, பின்கட்டுல மாட்டுக் கொட்டாயை ஒழிச்சுத் தரேன்னாங்க. வேன் வந்துச்சு.

நான் என்ன கல்நெஞ்சக்காரியா? வழியில குடுக்கறதுக்கு ஃப்ளாஸ்க்குல கஞ்சி ஊத்திக் குடுத்தேன். நல்ல ஃப்ளாஸ்க்கு. திரும்பி வரல. அது வேற. அவர் சாமான் ஒண்ணும் இங்க தங்கக் கூடாதுன்னு நானே பொறுக்கிச் சாக்குல போட்டேன். காக்கிச் சட்டை, பல்செட்டு, கொடி ரெண்டு. தலைகாணிக்குக் கீழ வச்சிருந்தார் கொடியை. உருவும்போது விரலால லேசா பிடிச்ச மாதிரி இருந்துச்சு. இல்ல, துணி மாட்டியிருக்கும்.

வேன்ல ஏத்தியாச்சு. டிரைவர் வண்டியை எடுக்கிறான். பாத்தா, எங்க வீட்டுக்காரர் கேட்டைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, முதுகைக் குடுத்து நிக்கிறார்.

"வண்டி வருது. யாரும் போகக் கூடாது."

வண்டியும் வரல, ஒண்ணும் வரல. தெரு பூரா வேடிக்கை பாக்குது. குணசேகரன் இறங்கி வந்து, "சார், விடுங்க சார்"ங்குறான், அழுவுறான். இவர் அசையல. "அம்மாசி பச்சை காட்டட்டும், திறக்குறேன்"ங்குறார். அம்மாசி வேனுக்குள்ள மல்லாந்து கிடக்குறார், எங்க காட்டுவார்? நான்தான் போனேன். கையைப் பிடிச்சு இழுத்தேன். அந்த வயசுக்கு என்ன பலம்! இழுத்து உள்ள தள்ளி, கதவைப் பூட்டிட்டு வந்து, கேட்டை நானே திறந்து விட்டேன்.

அன்னிக்கு நான் நெனச்ச நேரத்துக்குத் திறந்ததுதான் கடைசி.

வேன் கொட்டாய் வரைக்கும் போகலம்மா. வழியில ஒரு ரயில்வே கேட்டு. போட்டிருந்ததாம். ஒரு வண்டி போயி, இன்னொரு வண்டிக்காகவும் திறக்காம நின்னிருக்காங்க. அப்படி நிக்கும்போதே அம்மாசி போயிட்டார். எந்தக் கேட்டுன்னு நான் கேக்கல. எதுக்குக் கேக்கணும்?

சாயங்காலம் குணசேகரனே போன் பண்ணினான். "உங்க வீட்டுல எதுவும் நடக்கலம்மா. நீங்க நிம்மதியா இருங்க"ன்னான். பாத்தியா, அவ்வளவு துக்கத்துலயும் எனக்குக் கூப்பிட்டுச் சொல்லணும்னு தோணுச்சு பாரு. எவ்வளவு மரியாதையான பையன்! தெருக்காரங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?

இந்த மணிக்கட்டுல என்னன்னு பாக்குறியா? வளையல் அழுத்தினது. அது ஒண்ணுமில்ல.

ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல. ... சரி, நீயும் பொண்ணுதானே, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. நான் கேட்டுக்கிட்ட போனா தள்ளி விட்டுடுறார். கோவத்துல இல்லம்மா. என்னைக் காப்பாத்துறாராம். "வண்டி வருது, சாவப் போறியாடி"ன்னு பிடிச்சுப் பின்னாடி தள்ளுறார். தள்ளிட்டு அழுவார்.

மக லண்டன்ல. மகன் பெங்களூர்ல, வாடகை ஃபிளாட்டுல இருக்கான். "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா"ன்னான். போனோம். ரயில்ல போற வழி பூரா, "நம்ம வண்டிக்கு யாரு கேட்டுப் போடுவா, நம்ம வண்டிக்கு யாரு கேட்டுப் போடுவா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தார். அங்க போய் ஒரு வாரம். ஃபிளாட்டு வாசல் கேட்டைச் சாத்திட்டு நின்னுட்டார், கார்லாம் வரிசையா ஹாரன் அடிக்குது. அந்த ஃபிளாட்டு ஓனரம்மா நேரா வீட்டுக்குள்ள வந்து, என் மகன்கிட்ட, நான் நிக்கும்போதே சொல்றா: "இந்த மாதிரி வயசானவங்களை வச்சுக்குறதா இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கணும். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் ஃபிளாட்டுக்கு யாரு வருவா?" எனக்கு வந்துச்சு பாரு கோவம்! சொந்த வீடு வச்சிருக்கிறவ நான். என்கிட்டயே ஒருத்தி கண்டிஷன் போடுறா. மனுஷங்களா இவங்கல்லாம்? மறு ரயிலுக்கே கூட்டிட்டு வந்துட்டேன்.

வயசானவங்களை வச்சுப் பாத்துக்குற ஹோம் ஒண்ணும் பாத்தோம். மகன்தான் கூட்டிட்டுப் போனான். சுத்தமாத்தான் இருக்கு. கதவுல நம்பர் அமுக்கினாத்தான் திறக்குமாம், நம்பரை உள்ள இருக்கிறவங்களுக்குச் சொல்ல மாட்டாங்களாம். ஜன்னல்கிட்ட ஒரு பொம்பளை, என் வயசுதான் இருக்கும், என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ வெளியவா போற?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. பூட்டி வைக்கிற இடத்துல என் புருஷனை விட மாட்டேன்னு சொல்லிட்டேன். நான் பாத்துக்குறேன். என் வீட்டுல என் புருஷன் இருக்கட்டும்.

இருக்கார். நானும் இருக்கேன். மகன் ஞாயித்துக்கிழமை வீடியோல வந்து, "எப்படிம்மா இருக்கீங்க?"ம்பான். நல்லா இருக்கோம்பேன். கோயிலுக்குப் போனது எப்பன்னு எனக்கு ஞாபகமில்ல. காய்க்காரன் கேட்டுக் கம்பி வழியா நீட்டுறான், நான் கம்பி வழியா வாங்கிக்குறேன். கீரை வாடுறதில்ல, அது ஒண்ணுதான்.

எங்கம்மா எந்திரிக்கிற? போர்ஷனைப் பாக்கலயே! அதுக்குள்ள வேலைக்கு நேரமாயிடுச்சா? ஒரு நிமிஷம்...

கேக்குதா? ஹாரன். தஞ்சாவூர்ப் பக்கத்துலேருந்து வருது.

ம். கொண்டிச் சத்தம் கேட்டுச்சுல்ல. போட்டுட்டார்.

உக்காரும்மா. இனிமே அவசரப்பட்டுப் புண்ணியமில்ல. வண்டி போயிடும், அது என்ன, ரெண்டு நிமிஷத்துல போயிடும். போனதுக்கு அப்புறமும் அவர் திறக்க மாட்டார். அம்மாசி பச்சை காட்டணும், "திறங்க சார்"னு சொல்லணும். அதுக்குத்தான் நிக்கிறார். பசி வந்தா விட்டுட்டு வருவார். சில நாள் நின்னுக்கிட்டே கண் அசருவார், நான் மெதுவா போய்க் கொண்டியை எடுப்பேன். சில நாள் பசியும் வராது, தூக்கமும் வராது. ஜாக்கெட்டுத் துணி ஒண்ணு பச்சையில கிழிச்சு நானும் காட்டிப் பாத்துட்டேன். "நீ யாரு? நீ காட்டக் கூடாது. அம்மாசியைக் கூப்பிடு"ங்குறார். நான் எங்க போய்க் கூப்பிடுவேன்? அந்தக் கொடியைக் கூட நான்தானே சாக்குல போட்டேன்.

உன் மாமியாரு... அவங்க எப்படி, சாதுவா? பேசுவாங்களா? ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினாலும் பரவாயில்ல. கூட்டிட்டு வா. கண்டிஷனெல்லாம் நான் சும்மா சொன்னது. அந்த ரூம்ல நல்லா வெளிச்சம் வரும். கடைசி வரைக்கும் இருக்கட்டும்மா, யாரு வேண்டாங்குறா? இவர் பக்கத்துல இன்னொரு நாற்காலி போடலாம். தொத்தினா தொத்திட்டுப் போவுது, இனிமே என்ன.

சரி. உன் கண்ணெல்லாம் கேட்டுலயே இருக்கு. நானும் அப்படித்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்.

வண்டி போயிடுச்சு பாரு. கடைசிப் பெட்டியும் போயிடுச்சு.

ஏம்மா, நீ போட்டிருக்கிற துப்பட்டா பச்சைதானே? நீ உள்ள வரும்போதே பாத்தேன். எனக்குக் கண்ணு மங்கல், நீலமோ பச்சையோன்னு இருந்துச்சு. பச்சைதானே? அதைக் கழட்டு. நான் காட்டினா ஆகாது. நீ புது ஆளு. கேட்டுக்குப் பக்கத்துல அந்தச் செடிக்கிட்ட நின்னு, கையை நல்லா உயர்த்திக் காட்டு. காட்டிட்டு, "திறங்க சார்"னு சொல்லு. சத்தமா வேண்டாம், அம்மாசி மெதுவாத்தான் சொல்வார்.

திறந்தார்னா நீ நிக்காம போயிடு. திரும்பிப் பாக்காத. நான் உன் பின்னாடியே வந்து, ஒரே ஒரு நிமிஷம், தெருவுல நின்னுட்டு வந்துடுறேன்.